நல்லவரா, கெட்டவரா என்ற கேள்வியில் தொடங்காதீர்கள்

சர்ச்சைக்குரிய ஒரு வரலாற்று மனிதரைப் பற்றிய பாடம் பல நேரங்களில் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகிறது. "இவர் நல்லவரா, கெட்டவரா?" என்று ஆசிரியரோ பெற்றோரோ கேட்டவுடன், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு, பின்னர் படிப்பதையெல்லாம் அந்தப் பக்கத்துக்கு வக்காலத்து வாங்கவே பயன்படுத்துகிறார்கள். அவர் என்ன செய்தார், யாருக்குச் செய்தார், அது நமக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்டுத் தொடங்கினால் தீர்ப்பு தானாகவே பின்னுக்குப் போகும். சில வேளைகளில் அது வராமலே போனாலும் குறையில்லை.

நன்மை தீமைகளை இரு பத்திகளாக எழுதிக் கழித்துப் பார்ப்பது அடுத்த தவறு. ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபரை எடுத்துக்கொள்வோம். காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு, உரத்துக்கு மூலப்பொருளான அம்மோனியாவைத் தயாரிக்க வழி கண்டதற்காக 1918-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அவரே, 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் குளோரின் வாயு திறந்துவிடப்பட்டதை முன்னின்று நடத்தியவர். உரத்தால் விளைந்த உணவை உண்டவர்கள் வேறு, அந்த வாயுவில் மூச்சுத் திணறி மாண்டவர்கள் வேறு. ஒருவருடைய பசி தீர்ந்தது மற்றவருடைய சாவுக்கு எப்படி ஈடாகும்? மேலும், அதே அம்மோனியாதான் முதல் உலகப் போரில் ஜெர்மனியின் வெடிமருந்துக்கும் மூலப்பொருளானது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று பிள்ளைகள் தடுமாறும்போது அவசரப்பட்டு உதவாதீர்கள்; அந்தத் தடுமாற்றத்தில்தான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

"அந்தக் காலம் அப்படி" என்ற சமாதானம் இவற்றைவிட ஆழமாக வேரோடியது. அது முழுப் பொய்யும் அன்று. அன்றைய சட்டத்தையும் பொருளாதாரத்தையும் அறியாமல் எவரையும் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் "அந்தக் காலத்தில் எல்லாருமே அப்படித்தானா?" என்ற கேள்வியையும் கூடவே கேட்டாக வேண்டும். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். அவர் வாழ்ந்த அதே வர்ஜீனியா மாநிலத்தில், அதே காலத்தில், மூன்றாம் ராபர்ட் கார்ட்டர் என்ற பெருநிலக்கிழார் 1791-இல் பத்திரம் பதிந்து, தம்மிடம் இருந்த 450-க்கும் மேற்பட்டோரைப் படிப்படியாக விடுவிக்கத் தொடங்கினார். அடிமை முறை அநீதி என்பதை ஜெபர்சன் தாமே எழுதியும் இருக்கிறார். ஆகவே இன்றைய அளவுகோலைக் கொண்டுதான் அவரை அளக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய சொந்த எழுத்தும் அண்டை அயலாரின் செயலுமே போதுமானவை.

இன்னொன்று, பாதிக்கப்பட்டவர்களை வெறும் எண்ணாகச் சொல்லிக் கடந்துவிடுவது. 600 என்ற எண் பிள்ளைகள் மனத்தில் நிற்காது; ஜோசப் ஃபாசெட் நிற்பார். கொல்லரான இவரை விடுதலை செய்யும்படி ஜெபர்சன் உயிலில் எழுதிவைத்தார். ஆனால் ஜெபர்சன் இறந்தபின், அவருடைய கடனை அடைக்க 1827 ஜனவரியில் நடந்த ஏலத்தில் விற்கப்பட்டவர்களில் ஃபாசெட்டின் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு விடுதலை, மற்றவர்களுக்கு ஏலம் என்பதை அறிந்த பிள்ளையிடம் அந்த உயிலின் பெருந்தன்மையைப் பற்றி நாம் தனியாக எதுவும் விளக்க வேண்டியிருக்காது. (சிறு பிள்ளைகளுக்குக் கொடுமையின் விவரங்களைக் குறைத்துச் சொல்லலாம், பின்னாளில் திருத்திச் சொல்ல நேரும் பொய்யை மட்டும் சொல்லக் கூடாது.)

வகுப்பைச் சுவையாக்குவதாக எண்ணி, அடிமை முறையை ஆதரித்து ஓர் அணியும் எதிர்த்து ஓர் அணியும் வாதிட வைப்பதும், பிள்ளைகளை எசமானாகவும் அடிமையாகவும் நடிக்கவிடுவதும் வேண்டவே வேண்டாம். அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களின் வழிவந்த பிள்ளை அதே அறையில் உட்கார்ந்திருக்கலாம்.

சிலையையும் வரலாற்றையும் ஒன்றாகக் குழப்புவது பெரியவர்களிடமும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று மக்கள் பெயர்த்துத் துறைமுக நீரில் தள்ளியபோது வரலாறே அழிக்கப்படுவதாகச் சிலர் வருந்தினார்கள். அடிமை வணிகத்தில் பங்குகொண்ட கோல்ஸ்டன் இறந்தது 1721-இல்; சிலை எழுந்ததோ 1895-இல். அதன் பீடத்தில் அவரை நகரின் நற்பண்பும் ஞானமும் மிக்க மைந்தர்களுள் ஒருவர் என்று பொறித்திருந்தார்கள். அடிமை வணிகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. யார் வைத்தார்கள், ஏன் 174 ஆண்டுகள் கழித்து வைத்தார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

இறுதியாக, மதிப்பெண். ஆசிரியரின் முடிவோடு ஒத்துப்போகும் விடைக்கு ஒரு முறை கூடுதலாக மதிப்பெண் விழுந்தால் போதும், அடுத்த தேர்விலிருந்து எல்லா விடைத்தாள்களிலும் அதே முடிவுதான் இருக்கும். "உயிலைப் படித்தபோது அவரை இரக்கமுள்ளவர் என்று நினைத்தேன், ஏலப் பட்டியலைப் பார்த்தபின் அப்படி எழுத முடியவில்லை" என்று ஒரு பிள்ளை எழுதினால், வேறெதுவும் எழுதாவிட்டாலும் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.