ஹோல்சேல் இன்வெஸ்டராகப் பதிவு செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஹோல்சேல் இன்வெஸ்டர் என்றால், சாதாரண முதலீட்டாளருக்கு உள்ள சட்டப் பாதுகாப்புகள் பல இல்லாமல் முதலீடு செய்பவர். ஆஸ்திரேலியாவில் அப்படி ஆவதற்கு அதிகம் பேர் போகும் வழி, அக்கவுன்டன்ட் தரும் சான்றிதழ். நிகரச் சொத்து, அதாவது கடன் போக மிஞ்சுவது, குறைந்தது 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இருக்க வேண்டும். அல்லது கடந்த இரண்டு நிதியாண்டுகளிலும் மொத்த வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலராவது வந்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொகைகளை யாரும் உயர்த்தவில்லை. குடியிருக்கும் வீடும் சொத்துக் கணக்கில் சேரும் என்பதால், சிட்னியிலோ மெல்போர்னிலோ எப்போதோ வீடு வாங்கிக் கடனை அடைத்தவர்கள் பலர் இன்று இந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். 2002-இல் ஏறக்குறைய 2 சதவீதம் பேருக்கு இருந்த தகுதி, 2021-இல் 16 சதவீதம் பேருக்கு இருந்ததாக அந்நாட்டுக் கருவூலத் துறையே சொல்கிறது. வீட்டின் விலை ஏறியதே தவிர, அவர்களுடைய முதலீட்டு அனுபவம் அதே வேகத்தில் ஏறிவிடவில்லை.

அதனால்தான் இந்தச் சான்றிதழை ஒரு கௌரவமாக நினைப்பதை முதல் தவறு என்கிறேன். கையெழுத்தானதும் நீங்கள் இழப்பவை பல. சாதாரண முதலீட்டாளருக்குக் கட்டாயமாகத் தர வேண்டிய விளக்க ஆவணத்தை உங்களுக்குத் தர வேண்டியதில்லை. உங்கள் நலனையே முதலில் பார்க்க வேண்டும் என்று நிதி ஆலோசகருக்குச் சட்டம் விதித்த கடமை உங்கள் விஷயத்தில் இல்லை. பணம் போய்விட்டது என்று அஃப்கா குறைதீர்ப்பு அமைப்பிடம் போனால், ஹோல்சேல் என்ற காரணத்தைச் சொல்லி அவர்கள் புகாரை ஏற்காமல் விடலாம். மேஃபேர் 101 என்ற முதலீட்டுக் குழுமம் இப்படிப்பட்டவர்களிடம்தான் கடன் பத்திரங்களை விற்றது, வங்கி டெபாசிட்டுக்கு இணையானவை என்று விளம்பரம் செய்து. அந்த விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று ஃபெடரல் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்து, 3 கோடி டாலர் அபராதமும் விதித்தது. அபராதம் அரசுக்குப் போகும் பணம், முதலீடு செய்தவர்களுக்கு வருவதல்ல.

அடுத்தது, கணவன் மனைவி சொத்தை ஒன்றாகக் கூட்டிவிடுவது. இதில் சறுக்குபவர்கள் நிறைய. தகுதி ஒவ்வொருவருக்கும் தனித்தனி. இருவர் பெயரிலும் உள்ள வீடு 30 லட்சம் டாலர் பெறுமானால், பாதிப் பங்கு வைத்திருப்பவர் கணக்கில் 15 லட்சம்தான் வரும், அதிலும் கடன் பாக்கியில் அவர் பங்கைக் கழிக்க வேண்டும். சரி, குடும்ப டிரஸ்ட் வழியாகப் போகலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். நீங்கள் கட்டுப்படுத்தும் கம்பெனி அல்லது டிரஸ்டின் சொத்தை உங்கள் கணக்கில் சேர்க்கலாம்தான். ஆனால் இருவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க முடியும் என்றிருந்தால், அந்த ஒரு காரணத்தால் மட்டும் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாகச் சட்டம் கொள்ளாது. டிரஸ்ட் பத்திரத்தை அக்கவுன்டன்டிடம் காட்டாமல் இந்த வழியில் போகாதீர்கள்.

வருமானத்தில் சராசரி செல்லாது. ஒரு வருடம் 3.2 லட்சம், மறுவருடம் 2 லட்சம் என்றால் தகுதி இல்லை.

ஒரே முதலீட்டில் 5 லட்சம் டாலர் போட்டால் சான்றிதழே வேண்டாம் என்ற வழியும் உண்டு. பங்கு, பத்திரம் விற்பவரே அந்தத் தொகையில் ஒரு பகுதியை உங்களுக்குக் கடனாகக் கொடுத்தால், அந்தப் பகுதி கணக்கில் வராது. தகுதிக்காகவே ஒருவர் சேமிப்பை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டுவதைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். அது தகுதி பெறும் வழியே அல்ல, ஆபத்து.

சான்றிதழை முதலீட்டை விற்பவர் கைகாட்டும் அக்கவுன்டன்டிடம் வாங்காமல், உங்கள் வரிக் கணக்கை வருடா வருடம் பார்ப்பவரிடமே கேளுங்கள். அவர் சிபிஏ ஆஸ்திரேலியா போன்ற அங்கீகரிக்கப்பட்ட அக்கவுன்டன்ட் அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். அவர் உறுதி செய்வது எண்களை மட்டும்தான். அந்த முதலீடு நல்லதா என்று அவர் சொல்லவில்லை. சான்றிதழின் ஆயுள் இரண்டு வருடம், அப்புறம் புதிதாக வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது என்பதற்காகக் கேட்கிற எல்லோருக்கும் நகல் அனுப்பாதீர்கள். எந்த முதலீட்டுக்குத் தேவையோ அதற்கு மட்டும் கொடுங்கள். முக்கியமாக, வழக்கமாக ஆலோசனை சொல்பவர் கேட்டால், தன்னுடைய எல்லா ஆலோசனைக்கும் உங்களை ஹோல்சேல் பட்டியலில் மாற்றப் போகிறாரா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, பிறகு முடிவெடுங்கள்.