சோபாவை நகர்த்தும் முன்: ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் அமைப்பது எப்படி?

சோபாவை எங்கே போடுவது? ஹாலை அமைக்க உட்காரும்போது எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோபா, முன்னால் டீப்பாய், எதிரே டி.வி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் சமையலறைக்குப் போகிற வழியில் டீப்பாயின் ஒரு முனை நீட்டிக்கொண்டு நின்றது. ஒரே மாதத்தில் வீட்டில் அத்தனை பேர் காலிலும் அதன் தழும்பு. அதற்குப் பிறகு நான் வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் நடக்கிற வழி, மிஞ்சுகிற இடத்தில் சாமான்.

கையில் வேண்டியவை: அளவு டேப், கட்டம் போட்ட தாள், பென்சில், ஒரு சுருள் மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள்.

படி 1: அளந்து வரையுங்கள்

ஒரு கட்டத்துக்கு அரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12க்கு 18 அடி ஹால், தாளில் 24க்கு 36 கட்டம் பிடிக்கும். சுவர், ஜன்னல், பிளக் பாயின்ட், சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் குறியுங்கள். பலரும் விட்டுவிடுவது கதவு திறக்கும் வளைவை. 3 அடி கதவு உள்பக்கம் திறந்தால், கீலிலிருந்து 3 அடி ஆரத்துக்குக் கால்வட்டம் வரைந்து அந்த இடத்தை மறந்துவிடுங்கள். அங்கே எதுவும் நிற்காது. ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் எழுதி வையுங்கள். சோபாவின் முதுகு ஜன்னலை மறைக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

படி 2: வழியைக் குறியுங்கள்

வாசலிலிருந்து ஒவ்வொரு கதவுக்கும், சாப்பாட்டு மேசைக்கும், பால்கனி இருந்தால் அதற்கும் கோடு போடுங்கள். நாள் முழுக்க ஆள் போய்வருகிற வழிக்கு 3 அடி அகலம் வேண்டும். இடம் நெருக்கடி என்றால் இரண்டரை அடி. எப்போதாவது ஒருவர் நுழைந்து போகிற சந்துக்கு 2 அடி போதும்.

கோடுகளைப் போட்டபின் ஒன்றைக் கவனியுங்கள். ஏதாவது ஒரு வழி உட்காருபவர்களுக்கு நடுவிலோ, சோபாவுக்கும் டி.வி.க்கும் இடையிலோ குறுக்கே ஓடுகிறதா? ஓடினால், உட்காரும் கூட்டத்தையே ஒரு பக்கமாக ஒதுக்கி, வழியை அதன் முதுகுப் பக்கமாகத் திருப்ப முடியுமா என்று பாருங்கள். கதவை நகர்த்த முடியாது, சோபாவை முடியும். இந்தப் படியில் அரை மணி நேரம் செலவானாலும் பரவாயில்லை. பின்னால் முதுகு வலிக்கச் சாமான் தூக்குவது மிச்சம்.

படி 3: எதைப் பார்த்து உட்காரப் போகிறீர்கள்?

டி.வி.யா, நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலா, எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதா? முடிவு உங்களுடையது. டி.வி. என்றால் ஜன்னலுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள், திரையில் ஜன்னல்தான் தெரியும். ஜன்னலுக்கு முன்னாலும் வேண்டாம், கண் கூசும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வரும் சுவரே நல்லது. திரையின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் வசதி. 55 இன்ச் திரைக்கு ஏறக்குறைய 7 அடி. திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தை ஒட்டி வரட்டும். நின்றபடி பார்த்து ஆணி அடிக்கிறவர்கள்தான் பிறகு கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

படி 4: பேப்பர் சோபா

இதுதான் எனக்குப் பிடித்த படி. சோபா, டீப்பாய், சாப்பாட்டு மேசை ஒவ்வொன்றின் நீள அகலத்துக்கும் செய்தித்தாளை விரித்து, ஓரத்தை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு நாள் அப்படியே விடுங்கள். துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், இரவில் விளக்கைப் போடாமல் தண்ணீர் குடிக்கப் போய்ப் பாருங்கள். எந்தத் தாள் மிதிபட்டுக் கசங்குகிறதோ அது வழியில் இருக்கிறது என்று பொருள். நகர்த்துவதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் வாசற்கதவின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் சேர்த்தே அளந்துவிடுங்கள். எங்கள் அலமாரி ஒன்று படித்திருப்பத்தில் மாட்டி, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் ஒரு மதியம் முழுக்க நின்றது.

படி 5: உட்காரும் இடம்

எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டினால் இடம் பெரிதாகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சின்ன ஹாலுக்கு அது சரி. பெரிய ஹாலில் நடுவில் வெற்றிடம் கிடக்கும், எதிரே இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கும். எதிரெதிர் இருக்கைகளுக்கு இடையே 8 அடிக்கு மேல் போகாமல் சோபாவை முன்னால் இழுங்கள். அதன் பின்புறமே நடைவழியாகிவிடும்.

சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே 14 முதல் 18 இன்ச். இதற்குக் குறைந்தால் கால் இடிக்கும், கூடினால் டம்ளர் வைக்க எழுந்திருக்க வேண்டும். டீப்பாயின் உயரம் சோபா இருக்கையின் உயரமோ, ஓரிரு இன்ச் குறைவாகவோ இருக்கலாம். நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். கார்பெட் விரித்தால் சோபாவின் முன்கால்களாவது அதன் மேல் நிற்கட்டும்.

படி 6: சாப்பாட்டு மேசை

இங்கே மேசையின் அளவை மட்டும் பார்த்து ஏமாறுகிறோம். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்கும் இடமும் மேசையின் அளவில் சேர்த்திதான்.

ஒருவர் கையை இடிக்காமல் சாப்பிட 2 அடி வேண்டும். ஆறு பேருக்கு 6க்கு 3 அடி மேசை. நாற்காலிக்குப் பின்னால் ஆள் நடந்துபோக, மேசை விளிம்பிலிருந்து 3 அடி விட வேண்டும். நாலு பக்கமும் அப்படி விட்டால் கணக்கு 12க்கு 9 அடி! அவ்வளவு இல்லையா? ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி அங்கே பெஞ்ச் போடுங்கள். யாரும் கடந்து போகாத பக்கத்துக்கு இரண்டரை அடி போதும். நாலு பேர் வீட்டுக்கு 4 அடி விட்டமுள்ள வட்ட மேசையை நான் சிபாரிசு செய்வேன். முனை இல்லாததால் வழியில் கொஞ்சம் நீட்டினாலும் யாரையும் குத்தாது.

மேசை பெரும்பாலும் 30 இன்ச் உயரம், நாற்காலி இருக்கை 18 இன்ச். இரண்டுக்கும் இடையே 10 முதல் 12 இன்ச் இருந்தால் தொடை இடிக்காது. கைப்பிடி வைத்த நாற்காலி என்றால் அது மேசைக்கு அடியில் நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நுழையாவிட்டால் அது எப்போதும் நடைவழியில்தான் நிற்கும். தொங்கும் விளக்கு மாட்டினால் மேசைப் பரப்பிலிருந்து 30 முதல் 36 இன்ச் மேலே.

ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒரே அறை என்றால் தடுப்புச்சுவர் தேவையில்லை. சோபாவின் முதுகைச் சாப்பாட்டுப் பக்கம் திருப்பிப் போட்டாலே எல்லை தெரிந்துவிடும்.

படி 7: கடைசிச் சோதனை

உயரமான அலமாரிகளைச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். குழந்தைகள் இழுப்பறையைப் பிடித்து ஏறினால் சாய்ந்துவிடும். வயர் எதுவும் வழியில் குறுக்கே கிடக்கக் கூடாது.

பிறகு ஒரு வாரம் எதையும் தொடாமல் விடுங்கள். ஏதாவது ஒரு நாற்காலி தினமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். யாரோ வெளிச்சத்துக்காகவோ, பிளக் பாயின்ட்டுக்காகவோ இழுத்துப் போட்டிருப்பார்கள். அதைத் திரும்பப் பழைய இடத்தில் வைக்காதீர்கள். அது போய் நிற்கிற இடத்தை வரைபடத்தில் குறித்து, மற்றதை அதற்கேற்ப நகர்த்துங்கள்.