தரவு வேக அலகுகளை மாற்றுவது எப்படி?

நூறு எம்பிபிஎஸ் (நொடிக்கு நூறு மெகாபிட்) இணைய இணைப்பு வாங்கியிருந்தும் தரவிறக்கம் நொடிக்கு 11.3 எம்பிக்கு மேல் ஏறவில்லை என்பது வலையமைப்புப் பராமரிப்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார். பெரும்பாலான நேரங்களில் இணைப்பில் எந்தக் குறையும் இருக்காது. இரண்டு எண்களும் ஒரே வேகத்தையே வெவ்வேறு அலகுகளில் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த 100 எப்படி 11.3 ஆகிறது என்பதைப் படிப்படியாகக் கணக்கிட்டுப் பார்த்தால், வேறெந்த அலகு மாற்றத்தையும் நாமாகவே செய்துகொள்ளலாம்.

முதல் படி, பிட்டையும் பைட்டையும் பிரித்தறிவது. தொலைத்தொடர்பில் வேகம் எப்போதும் நொடிக்கு இத்தனை பிட் என்றே சொல்லப்படுகிறது. கோப்புகளின் அளவோ பைட்டில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். ஆங்கிலச் சுருக்கத்தில் சிற்றெழுத்து ‘பி’ பிட்டையும் பேரெழுத்து ‘பி’ பைட்டையும் குறிக்கும். பேச்சில் இரண்டுமே ‘எம்பி’ ஆகிவிடுவதால், எண்ணைக் கேட்டவுடன் எது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இங்கே தவறினால் விடை எட்டு மடங்கு மாறிப்போகும்.

இரண்டாவது படியில்தான் பலரும் கணக்கை விட்டுவிடுகிறார்கள். கம்பியில் செல்லும் 100 மெகாபிட்டும் நம் கோப்புக்கே உரியதன்று. கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறையில் 1500 பைட் கொண்ட ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) செல்லும்போது, தலைப்புக்கு 14, பிழை சரிபார்ப்புக்கு 4, முன்னறிவிப்புக்கு 8, அடுத்த துண்டுக்கு முன் விடும் இடைவெளிக்கு 12 என மொத்தம் 38 பைட்டுக்கான நேரம் கூடுதலாகச் செலவாகிறது. அந்த 1500-க்குள்ளும், இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் விதிமுறைகளான ஐபி, டிசிபி ஆகியவற்றின் தலைப்புகள் குறைந்தது 20 பைட் வீதம் எடுத்துக்கொள்ள, கோப்புக்கு எஞ்சுவது 1460. ஆகவே 1460-ஐ 1538-ஆல் வகுத்தால் கிடைக்கும் 94.9 விழுக்காடுதான் உண்மையான பயன்; 12.5 மெகாபைட் 11.87 ஆகக் குறைகிறது.

மூன்றாவது படி, ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா என்பது. தரவு வேகத்தில் கிலோ என்றால் 1000, மெகா என்றால் 10 லட்சம், இதற்கு விலக்கில்லை. ஆனால் விண்டோஸ் போன்ற மென்பொருள்கள் கோப்பின் அளவை 1024-இன் அடுக்குகளில் கணக்கிட்டு, எம்பி, ஜிபி என்ற பழைய பெயரிலேயே காட்டுகின்றன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-இல் ஐஇசி என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என்று அடுக்கடுக்காகப் புதுப்பெயர்கள் கொண்டுவந்தது. கிலோவுக்கும் ஜிகாவுக்கும் உரிய பெயர்கள் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே தெரிவது நம் துரதிர்ஷ்டம். 1024-ஐ 1024-ஆல் பெருக்கி 10 லட்சத்தால் வகுத்தால் 1.048576; 11.87-ஐ அதனால் வகுத்தால் 11.3 கிடைக்கும். புகாரில் இருந்த எண் அதுவே.

அதே முறையைத் தலைகீழாகச் செய்தால் நேரம் கிடைக்கும். விண்டோஸ் 5.83 ஜிபி என்று காட்டும் கோப்பை 1.0737-ஆல் (1024-இன் மூன்றாம் அடுக்கை 100 கோடியால் வகுத்தது) பெருக்கினால் 6.26 ஜிகாபைட், எட்டால் பெருக்கினால் சுமார் 50.08 ஜிகாபிட். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இது 501 நொடி, 94.9 விழுக்காட்டையும் கணக்கில் கொண்டால் சுமார் 8 நிமிடம் 48 நொடி. தரவிறக்கம் இதைவிட வெகுவாகத் தாமதமானால் மட்டுமே இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

பழைய தொலைபேசிச் சுற்றுகளில் 1024 வேறொரு விதமாக ஏமாற்றும். குரலை நொடிக்கு 8000 முறை மாதிரியெடுத்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக்கினால் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்). அப்படிப்பட்ட 32 தடங்கள் சேர்ந்தது ஈ1 இணைப்பு, அதாவது 2048 கேபிபிஎஸ். இதை 1024-ஆல் வகுத்தால் துல்லியமாக 2 வருவதால், அதுவே சரியான விடை என்று தோன்றும். சரியான விடை 2.048 எம்பிபிஎஸ்தான், ‘2 எம்பி லைன்’ என்பது பேச்சு வழக்கு மட்டுமே.

உயர்மட்ட இணைப்புகளில் வெறும் வகுத்தலும் போதாது. பல ஈ1 இணைப்புகளை ஒன்றாகச் சுமக்கும், 155.52 எம்பிபிஎஸ் கொண்ட எஸ்டிஎம்-1 இணைப்பை 2.048-ஆல் வகுத்தால் 75.9 வரும், ஆனால் அதில் ஏற்றக்கூடியது 63 ஈ1 இணைப்புகளே, எஞ்சியது மேலாண்மைக்கும், தரவு தொடங்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளுக்கும், நிரப்பலுக்கும் போய்விடும். இதற்கு நேர்மாறாக, ஒரு ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு ஜிகாபிட்) ஃபைபர் மாட்யூலின் (ஒளியிழையைக் கருவியோடு இணைக்கும் பாகம்) மேல் 1.25 ஜி என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். எட்டு பிட்டைப் பத்து பிட்டாக மாற்றி அனுப்பும் குறியீட்டால் ஒளியிழையில் செல்லும் வேகம் அது. பயனருக்குக் கிடைப்பது 1 ஜிபிபிஎஸ் மட்டுமே. கூடுதலாக 250 மெகாபிட் கிடைக்கும் என்று எண்ணி வாங்கக் கூடாது.

ரௌட்டரின் கவுண்டரிலிருந்து வேகத்தைக் கணக்கிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு முறையில் படிக்கும் கவுண்டர்கள் காட்டுவது போர்ட் (கம்பி செருகும் வாய்) வழியே சென்ற பைட்டுகளின் கூட்டுத்தொகை. 300 நொடி இடைவெளியில் எடுத்த இரு அளவீடுகளின் வேறுபாடு 375 கோடி பைட் என்றால், அதை 8-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 100 எம்பிபிஎஸ். ஆனால் 32 பிட் கவுண்டர் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296-ஐ எட்டியதும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். 100 எம்பிபிஎஸ் ஓட்டத்தில் இது சுமார் 344 நொடியில் நிகழும் என்பதால் ஐந்து நிமிட அளவீடு தப்பித்துக்கொள்கிறது. 1 ஜிபிபிஎஸ் ஓட்டத்திலோ 34 நொடிக்கு ஒருமுறை கவுண்டர் சுற்றிவிடுவதால், ஐந்து நிமிட அளவீடுகளிலிருந்து வரையும் வேக வரைபடம் உண்மையைவிட வெகுவாகக் குறைத்தே காட்டும். அத்தகைய போர்ட்டுகளுக்கு 64 பிட் கவுண்டரையே எடுக்க வேண்டும்.