வேலூரிலிருந்து விமானி உரிமத்துக்கு: பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

வணிக விமானி உரிமத்துக்கு வயது 18, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறலாம்.

முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, பிறகு முதல் வகுப்புச் சான்று. நிறப் பார்வைக் குறை அங்கேதான் தெரியவரும். நிலத்தை அடமானம் வைத்துக் கட்டணம் கட்டிய பிறகு தெரிந்தால் குடும்பமே நொறுங்கிப்போகும். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்து கம்ப்யூட்டர் எண், அதாவது டிஜிசிஏ தேர்வுகள் எழுதத் தேவையான பதிவு எண். நம்மூரில் சிக்கல் இனிஷியலில்தான்: மார்க்‌ஷீட்டில் 'கா. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் காளியப்பன்' என்றிருந்தால் விண்ணப்பம் நிற்கும். முன்பே சரிசெய்யுங்கள்.

டிஜிசிஏ தேர்வில் வான்வழி நடத்துதல் (நேவிகேஷன்), வானிலை, விமான விதிமுறை, தொழில்நுட்பத் தாள்களில் 70 சதவீதம் தேவை. விமானத்தில் ரேடியோவில் பேசுவதற்கான உரிமம் தனி.

மொத்தம் 200 மணி நேரப் பறத்தல். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானி. விமானப் பயிற்சிப் பள்ளியில் எத்தனை விமானங்கள் நிற்கின்றன என்று கேட்காதீர்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். பயிற்சி இழுப்பது பெரும்பாலும் அங்கேதான்.