ஊர் வீட்டில் நுளம்பும் எறும்பும்: மார்கழியில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

நல்லூர்த் திருவிழாக் காலத்து வெயிலில் நுளம்பு அவ்வளவு இராது. மார்கழி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஐப்பசியில் தொடங்கிய மழை வளவெல்லாம் தேங்கி நிற்கும். யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவதும் கார்த்திகை முதல் தை வரையில்தான்.

பூட்டிக் கிடந்த வீடென்றால், சூட்கேஸைத் திறக்க முன்னரே வளவை ஒருதரம் சுற்றி வாருங்கள். சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய டயர், கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டையும், பாவிக்காமல் கிடந்த கொமட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிடும். அவை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் பொச்சால் நன்றாக உரஞ்சிக் கழுவுங்கள். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும் என்பதால், நிற்கும் காலம் முழுவதும் கிழமைக்கு ஒருக்கா இதைச் செய்ய வேண்டும். பாவிக்காத கிணறு என்றால் கப்பி மீன் விடுங்கள். நுளம்பின் குடம்பிகளை, அதாவது தண்ணீரில் நெளியும் புழுக்களை, அது தின்றுவிடும்.

வெளிநாட்டில் இருக்கிறோம் என்று வளவை அப்படியே விட்டுவிடவும் முடியாது. நுளம்பு பெருக இடம்கொடுப்பது இலங்கையின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்கு வரலாம்.

அப்புறம் புகை. தணலில் சாம்பிராணி போட்டு, மேலே காய்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் தூவிப் பின்னேரத்தில் அறை அறையாகக் காட்டினால் நுளம்பு கலையும். நல்ல பழக்கம்தான், விடவேண்டாம். ஆனால் புகை போனதும் நுளம்பு திரும்பி வரும். அதோடு டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், முக்கியமாகக் காலையிலும் பொழுதுபடுவதற்கு முன்னரும். ஆகவே மத்தியானம் தூங்கும் பிள்ளைக்கும் வலை கட்டுங்கள். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இருக்கும் அறையில் புகை போடாதீர்கள். சிட்ரோனெல்லா எண்ணெய் பூசினால் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். கைக்குழந்தைக்கு அதுவும் வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம். முழுக்கைச் சட்டையும் வலையுமே போதும்.

எறும்புக்கு நம் வீடுகளில் ஒரு பழைய வழி உண்டு: அலுமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைப்பது. எறும்பு ஏறாது, சரி. ஆனால் அந்தக் கிண்ணத்திலேயே டெங்கு நுளம்பு முட்டையிடும். தண்ணீரில் தாராளமாக உப்புப் போட்டு, கிழமைக்கு ஒருதரம் கிண்ணத்தை உரஞ்சுங்கள். நிலத்தில் எறும்பு போகும் தடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தால், பின்னால் வருபவை வழி தெரியாமல் கலைந்துவிடும்.

அரிசிக்குள் வண்டு வராமல் இருக்க, நிழலில் காயவைத்த வேப்பிலையோ சில செத்தல் மிளகாயோ போட்டு இறுக மூடுங்கள். கரப்பானுக்கு வாசனைப் பொருட்களை நம்பவேண்டாம். இரவில் குசினித் தொட்டியைத் துடைத்துக் காயவிட்டு, வடிகால் ஓட்டையை மூடி வைத்தாலே பாதி குறையும்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் அளவோடு எடுங்கள். அஸ்பிரினும் இபுபுரோபெனும் கூடாது, டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பப்பாசி இலைச் சாறு கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே பார்த்திருக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் என்றால், இலங்கைக்குப் போய்வந்ததை நீங்கள் வாழும் நாட்டு மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் தானாக டெங்கை நினைக்காமல் விடலாம்.