சீட்டுக்கட்டு நிகழ்தகவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னத்தைச் சுருக்காமல் விடுவது, ஜோக்கரையும் சேர்த்து 54 என்று எண்ணுவது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு முறை சொன்னால் பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள். பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களில் வருஷா வருஷம் நான் சுழிப்பது வேறு தவறுகளை.

திரும்ப வைத்ததா, இல்லையா என்று பார்க்காமல் இறங்குவது

கட்டில் 52 சீட்டு, அதில் 4 ஏஸ். இரண்டு சீட்டு எடுக்கிறோம். இரண்டும் ஏஸாக வர, முதலில் எடுத்ததைத் திரும்ப வைத்தால் 4/52 × 4/52 = 1/169. வைக்காவிட்டால் 4/52 × 3/51 = 1/221. திரும்ப வைத்தால் கட்டை மறுபடி கலைக்கவும் வேண்டும்.

"ஒரே சமயத்தில் இரண்டு சீட்டு"

திரும்ப வைக்காததுதான். குழம்ப வேண்டாம்.

முதல் சீட்டு தெரியாமலே 3/51 என்று எழுதுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். திரும்ப வைக்காமல் இரண்டு சீட்டு எடுக்கிறோம். இரண்டாவது ஏஸாக இருக்க நிகழ்தகவு என்ன? முதல் சீட்டு என்னவென்று கேள்வி சொல்லவே இல்லை. ஆனாலும் பலர் 3/51 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 4/52, அதாவது 1/13.

நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஒரு சீட்டு போயிடுச்சே சார், எப்படி அதே விடை வரும்?" என்றாள். கட்டைக் கலைத்து, இரண்டு சீட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"இடப்பக்கம் இருப்பது ஏஸாக இருக்க?"

"4/52."

இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். "இப்போது இடப்பக்கம் இருப்பது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அவளே நோட்டில் போட்டுப் பார்த்தாள். முதலாவது ஏஸ் என்றால் 4/52 × 3/51. இல்லை என்றால் 48/52 × 4/51. கூட்டினால் 204/2652. சுருக்கினால் 1/13.

முதல் சீட்டு ஏஸ் என்று தெரிந்த பிறகுதான் 3/51 வரும். அது நிபந்தனை நிகழ்தகவு. இந்த இடம் பிடிபடாமல் பேயீஸ் தேற்றத்துக்கு (விளைவு தெரிந்த பிறகு காரணத்தின் நிகழ்தகவைக் கணக்கிடுவது) போகிறவர்கள் அங்கே சூத்திரத்தை மனப்பாடம் செய்துதான் தப்பிக்கிறார்கள்.

பிடிபட்டதா என்று பார்க்க நான் வழக்கமாகக் கேட்பது இது: முதல் சீட்டு கவிழ்ந்தே கிடக்கிறது. இரண்டாவதைத் திருப்பினோம், ஏஸ். முதலாவதும் ஏஸாக இருக்க நிகழ்தகவு? பின்னால் எடுத்தது முன்னால் எடுத்ததைப் பாதிக்காது என்று சொல்லி 4/52 போடுவார்கள். கண்ணில் பட்டுவிட்ட ஏஸ் முதல் சீட்டாக இருக்க முடியாதே! மீதி 51 சீட்டில் 3 ஏஸ். விடை 3/51.

வரிசையை மறப்பது

ஒரு ராஜா, ஒரு ராணி என்று கேட்டால், எது வேண்டுமானாலும் முதலில் வரலாம். ஒரு வரிசைக்கு வந்த விடையை 2 ஆல் பெருக்குங்கள்.

"குறைந்தது ஒரு ஏஸ்" என்றதும் கூட்டுவது

திரும்ப வைக்காத கணக்கில் 4/52 + 4/52 போட்டால் 34/221 வரும். ஏஸே வராத வாய்ப்பை 1-இலிருந்து கழித்தால், 1 − (48/52 × 47/51) = 33/221. கூடுதலாக வந்த 1/221, இரண்டும் ஏஸாக வரும் வாய்ப்பை இரண்டு தடவை எண்ணியதால் வந்தது.