முன்பாதம் எடுத்தவங்களுக்கு ஷூ உள்ள வைக்கிற டோ ஃபில்லர்: சொக்சோவுல (மலேசிய ஊழியர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எப்படிக் கேக்குறது

இனிப்பு நீர் வியாதியால முன்பாதம் எடுத்தவங்க நம்ம சுங்கை சிப்பூட் பக்கம் நிறைய பேரு பஞ்சையும் பழைய துணியையும் ஷூவுல அடைச்சுக்கிட்டு நடக்குறாங்க, மனசு கேக்கல, அதான் அப்பாவுக்கு வாங்கினத எழுதுறேன். விரல் இருந்த இடம் காலியா இருந்தா பாதம் முன்னால வழுக்கும், ஷூ மடங்கி தையல் போட்ட முனையில உரசும், உணர்ச்சி கம்மியான காலு, புண்ணு வந்தாலும் தெரியாது. அத விரல் இருந்த இடத்த நிரப்புற டோ ஃபில்லர் தான் தடுக்கும்.

1. மெடிக்கல் கார்டு (தனியார் மருத்துவ இன்சூரன்ஸ்) இருந்தா முதல்ல எதுக்கெல்லாம் காசு குடுக்க மாட்டாங்கன்னு போட்டிருக்குற விதிவிலக்கு பக்கத்தப் பாருங்க. வெளிய மாட்டுற செயற்கை உறுப்புக்குப் பெரும்பாலும் காசு கிடையாது, அங்க நேரத்த வீணாக்காதீங்க.

2. சொக்சோ கட்டினவங்களா? வேலையில அடிபட்டிருந்தா வேலை விபத்துத் திட்டம். நோயினாலன்னா இலாட் திட்டம் (நோயால வேலை செய்ய முடியாமப் போனவங்களுக்கு), மெடிக்கல் போர்டு பார்த்து முடிவு பண்ணும். 60 வயசுக்குள்ள மனுவக் குடுத்துடுங்க.

3. ஸ்பெஷலிஸ்ட் கடிதம். இங்கதான் நாங்க மாட்டிக்கிட்டோம். ஒரு கிளினிக்ல "ஸ்பெஷல் ஷூ தேவை"ன்னு ஒத்த வரி எழுதிக் குடுத்தாங்க, அதப் படிச்சா ஏதோ சொகுசுக்குக் கேக்குற மாதிரி இருக்கு, மறுபடி போயி எழுதி வாங்க வேண்டியதாச்சு. எந்தக் காலு, எதுவரைக்கும் எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க, இது இல்லன்னா புண்ணு வந்து இன்னும் மேல எடுக்க வேண்டி வரலாம், இது நாலும் கடிதத்துல இருக்கணும். டாக்டர் அவசரத்துல இருப்பாரு, நீங்களே ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போயி மரியாதையா காட்டுங்க.

4. ஃபில்லர் செய்றவங்ககிட்ட விலை கோட்டேஷன் வாங்கி மனுவோட குடுங்க. ஒப்புதல் வர்றதுக்கு முன்னால காசு கட்டவே கூடாது.

5. அளவு எடுக்கப் போறப்ப தினமும் போடப்போற ஷூவையே கொண்டு போங்க, ஃபில்லர் அந்த ஷூவுக்குத்தான் பொருந்தும். எனக்குப் பிடிச்சது ஆழமான வெல்க்ரோ ஷூ, அடியில கார்பன் ஃபைபர் தகடு, அப்புறம் தையல் இல்லாத வெள்ளைக் காலுறை, ரத்தம் பட்டா உடனே தெரியும். முதல் நாளு ஒரு மணி நேரம் போட்டுக் கழட்டிப் பாருங்க, சிவப்பு அரை மணி நேரத்துல மறையலன்னா திரும்பக் கொண்டு போயி சரி பண்ணச் சொல்லுங்க.

பிறகு சேர்த்தது: சொக்சோவே கட்டாத காண்ட்ராக்ட் வேலைக்காரங்க என்ன பண்றதுன்னு நிறைய பேரு கேட்டீங்க. முதல்ல ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுங்க, அப்புறம் ஜேகேஎம்ல (சமூகநல இலாகா) செயற்கை உறுப்பு உதவிக்கு மனு போடுங்க. பிள்ளைங்க தங்களோட இபிஎஃப் சேமநிதியில அப்பா அம்மா மருத்துவ உபகரணத்துக்கும் எடுக்கலாம். சொந்தக் காசுல வாங்கினா ரசீத வைங்க, ஓகேயு பெற்றோருக்கு வாங்கின உபகரணத்துக்கு வருமான வரி கணக்குல 6,000 வெள்ளி வரைக்கும் வருமானத்துலேருந்து கழிச்சுக்கலாம்.